அத்தை பார்த்த பறவை

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், திருத்தணியிலிருந்து அத்தான் டெலிபோனில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, சனிக்கிழமை புறப்பட்டு வந்துட்டுப் போயேன். அம்மா நாலு நாளா ஒரு பறவையைப் பத்தியே பேசிக்கிட்டிருக்கா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

பறவையைப் பற்றிப் பேசினால் பயப்படுவானேன் என்று கேட்டேன். அத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

அத்தைக்கு வயது 78. கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. பார்வை பிரமாதமாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவள், விடியற்காலையில் கொல்லைப்புறத்து மொட்டைத் தென்னையில் பெரிய கறுப்பு மரங்கொத்தி ஒன்று வந்து உட்காருகிறது என்கிறாளாம். சிறுமியாக இருந்தபோது டாப்ஸ்லிப் காட்டில் அவளுடைய அப்பா காட்டினாரே, அதே பறவையாம்! அத்தான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டார். அந்தப் பறவை மேற்கு மலைக் காட்டை விட்டு இந்தப் பக்கம் வருவதாக ஒரு வரி கூட இல்லை.

"போன மாசம் மூக்குக் கண்ணாடியை அரிசி டின்னுக்குள்ளே வச்சுட்டு வீடு பூராத் தேடினா. பேத்தியை மகள் பேர் சொல்லிக் கூப்பிடறா. இப்போ இது. கண்ணிலே குறை இல்லேன்னா, குறை எங்கேன்னு நினைக்கிறது? மறதிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாரையாவது உனக்குத் தெரியுமா?"

கண்ணாடியை அரிசி டின்னில் வைப்பது ஒரு வியாதியா என்ன! என்னுடைய பேனாவை நானே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறேன். ஆனால் முப்பது வயதில் மறந்தால் அதற்கு வேலைத் தொந்தரவு என்று பெயர். எழுபது வயதில் மறந்தால் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அத்தான் வீட்டில் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மொட்டைத் தென்னையை வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைமேல் அது என்றைக்காவது விழுந்து வைத்தால் என்ன செய்வது? அத்தையோ, மரத்தைத் தொட்டால் சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மின்சார ரயிலில் கிளம்பினேன். போகிற வழியில் அந்தப் பறவையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வழக்கை முடித்துவிட வேண்டும். மரங்கொத்தி என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு நினைவு வருவது மரங்கொத்தியே அல்ல! புல்தரையில் குடுகுடுவென்று நடந்து, நீண்ட மூக்கால் மண்ணைக் குத்தி, தலையில் விசிறி போன்ற கொண்டையை விரித்து மூடுகிறதே, அது கொண்டலாத்தி. அது மரத்தைக் கொத்துவதே இல்லை. நிஜ மரங்கொத்தி செங்குத்தான அடிமரத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். காலில் இரண்டு விரல் முன்னுக்கும் இரண்டு விரல் பின்னுக்கும் பிடிக்கும். விறைப்பான வாலை மரத்தில் ஊன்றிக்கொள்ளும். இரண்டு கால், ஒரு வால். முக்காலி போட்டு உட்கார்ந்த மாதிரிதான்.

அத்தை சொன்ன கறுப்பு மரங்கொத்தி, இந்த ஜாதியில் ஒரு ராட்சதன். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை சுமார் 48 சென்டிமீட்டர். நம் வீட்டுக் காக்கையே 40 சென்டிமீட்டர்தான். தலை, முதுகு, மார்பு, வால் எல்லாம் கறுப்பு. ஆணுக்கு நெற்றியிலிருந்து கொண்டை வரை சிவப்பு. கன்னத்திலும் ஒரு சிவப்புக் கீற்று. பெண்ணுக்குப் பின்கொண்டை மட்டும் சிவப்பு. வயிறு வெள்ளை. அதனால் புத்தகங்களில் இதற்கு வெள்ளை வயிற்று மரங்கொத்தி என்றே பெயர். பறக்கும்போது வால் தொடங்குகிற இடத்திலும் வெள்ளை தெரியும். இது நம் நாட்டுப் பறவைக்கு உள்ள அடையாளம். அது மரத்தைத் தட்டினால் காடு முழுதும் கேட்கும்.

1840-ல் நம் நாட்டுப் பறவைக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர் சென்னைப் பட்டாளத்து டாக்டராக இருந்த ஜெர்டன். மலபார்க் காட்டுப் பறவைக்கு அவர் வைத்தது, நேபாளத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஹாட்ஜ்ஸனுடைய பெயர்! பறவை எங்கே, ஆள் எங்கே! பெரிய மனிதர்களின் பெயரைத் தெருவுக்கு வைப்பது போலத்தான் அந்தக் காலத்துப் பறவைகளுக்கும் வைத்தார்கள். இதே இனம் ஜாவா, பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிறது. அந்தமானில் இதற்கு ஒரு தம்பி உண்டு. அளவில் சற்றுச் சிறியது, வயிறும் கறுப்பு. அந்தமானைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

நம் மாநிலத்தில் இதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போக வேண்டும். பெரிய மரங்கள் நிறைந்த காடு அதற்கு வேண்டும். திருத்தணியைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகளும் தோப்புகளும் அதற்குப் போதா. ஆகவே அத்தான் சொன்னது நியாயம். ஆனால் அத்தையின் பிறந்த வீட்டுக் கதையும் நியாயம். அவளுடைய அப்பா டாப்ஸ்லிப்பில் வனத் துறையில் வேலை பார்த்தவர். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் சறுக்கிவிட்டதால் வந்த பெயர்தான் டாப்ஸ்லிப். அந்தக் காட்டில் பத்து வயது வரை அத்தை சுற்றித் திரிந்திருக்கிறாள். திருத்தணி, ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. சில வருஷங்கள் கழித்து அத்தை திருத்தணியோடு சேர்ந்தாள், மருமகளாக.

இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உன்னை எதுக்கு வரவழைச்சிருக்கான்னு எனக்குத் தெரியும் கண்ணு. எனக்குப் பைத்தியமா இல்லையான்னு பார்த்துச் சொல்லணும், அவ்வளவுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "நாளைக்குக் காலையிலே எனக்குக் காட்டுங்க அத்தை" என்றேன்.

ஐந்தரை மணிக்கு எழுப்பிவிட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கிழக்கே, அந்த மொட்டைத் தென்னை நின்றது. மட்டை ஒன்றில்லை, வெறும் தூண். பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளர் காப்பி தீர்ந்தது. திடீரென்று 'கிர்ர்ர்' என்று குதிரை கனைப்பது போல ஒரு சிரிப்பு. மரத்தில் ஏதோ வந்து ஒட்டிக்கொண்டது. அத்தை என் கையை அழுத்தினாள்.

பார்த்தேன். கறுப்புத்தான்! அலகு, கொண்டை, வால் எல்லாம் மை தீட்டினாற்போல் இருந்தன. மரத்தைச் சுற்றி ஏறி, ஒரு பொந்துக்குள் தலையை நுழைத்தது. இன்னொன்று வந்ததும் முதலாவது பறந்து போயிற்று.

"பார்த்தியா?" என்றாள் அத்தை.

"பார்த்தேன். உங்க அப்பா காட்டினபோது அடையாளம் ஏதாவது சொன்னாரா அத்தை?"

"சொல்லாமே? 'கறுப்பைப் பார்க்காதே, காட்டிலே எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். வெள்ளை எங்கே இருக்குன்னு பாரு'ன்னு சொல்வார். வயிறு வெள்ளையா இருக்கணும். பறந்தா வால் பக்கத்திலே வெள்ளை தெரியணும்."

சொல்லிவிட்டு அவளே சட்டென்று நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் வெள்ளையைப் பார்க்கலே" என்றாள் மெதுவாக. "நாலு நாளா நான் வெள்ளையைப் பார்க்கவே இல்லே. சூரியன் அதுக்குப் பின்னாலே இல்லே இருக்கு!"

அந்த நிமிஷமே அத்தானை எழுப்பி, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அத்தையே வேலையைத் தொடங்கிவிட்டாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு, புடைவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, மரத்தைச் சுற்றி வேலி ஓரமாகக் கிழக்குப் பக்கம் போனாள். பேத்தி ஒரு மோடாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். எட்டாவது படிக்கிற அந்தப் பெண்தான் அடுத்த கண்டுபிடிப்பைச் செய்தாள்.

"பாட்டி, அங்கே காக்கா உட்கார்ந்திருக்கு பாருங்க. காக்காவை விட இது சின்னது!"

மரத்தின் உச்சியில் ஒரு காக்கை. கீழே பொந்தோரமாக நம் கதாநாயகன். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. வெயில் அதன் முதுகில் விழுந்தது. பாருங்கள், அதுவரை கறுப்பாக இருந்த முதுகு தங்கத் தகடு மாதிரி பளபளத்தது! தொண்டை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். முகத்தில் வெள்ளைக் கோடுகள். தலையில் ரத்தச் சிவப்புக் கொண்டை. பொன்முதுகு மரங்கொத்தி. நம் ஊர்த் தோப்புகளிலும் பெரிய தோட்டங்களிலும் சாதாரணமாக இருப்பதுதான். நீளம் 28 சென்டிமீட்டருக்கு ஒன்று கூடுதல் குறைவாக இருக்கும். ஆனைமலை ராட்சதனுக்கு முன்னால் நிறுத்தினால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரிதான் இருக்கும்.

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். "அடேயப்பா, சூரியன் என்னமா ஏமாத்திடுத்து!"

ஜோடியில் இன்னொன்றுக்கு முன்தலையில் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டுகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு. அது மனைவி. இருவரும் மாறி மாறிப் பொந்துக்குள் போய் வந்தார்கள். பேத்தி அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். முட்டை பொரிக்கப் பதினோரு நாள் ஆகும், குஞ்சு பறக்க மேலும் இருபது நாள் ஆகும் என்று நான் சொன்னதும், "அப்பா, மொத்தமே ஒரு மாசம்தான்!" என்று உள்ளே கத்தினாள்.

பறவை தலையைப் பின்னுக்கு இழுத்து டக்கென்று அடிப்பதைப் பார்த்தால் நமக்கே தலை வலிக்கிறது. அதன் மண்டையோடு மெத்தை மாதிரி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது என்று நம் பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்டு வருகிறோம். அது சரியல்ல என்று 2022-ல் பெல்ஜியத்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஐரோப்பாவிலுள்ள கறுப்பு மரங்கொத்தி உள்பட மூன்று இனங்களை வேகக் காமிராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். மண்டை மெத்தையாக இல்லை. கெட்டியான சுத்தியலாகத்தான் இருக்கிறது. மெத்தையாக இருந்தால் அடியின் பலம் மரத்துக்குப் போகாமல் மெத்தையிலேயே வீணாகிவிடுமே! மூளை மிகச் சிறியதாக இருப்பதால் அந்த அடி அதைப் பாதிப்பதில்லை. இதைச் சொன்னதும் அத்தை, "பெரிய மூளைக்காரங்களுக்குத்தான் தலைவலி எல்லாம்" என்று அத்தானைப் பார்த்தாள்.

அத்தான் பல் துலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தன் தவற்றைத் தானே கண்டுபிடித்த விதம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். டாக்டர் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மரத்தை விடவில்லை.

"செத்த மரம். அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

செத்த மரம்தான் விஷயமே. மரங்கொத்திகள் பொந்து குடைவதற்கு உளுத்துப்போன மரம் வேண்டும். புழுவும் எறும்பும் கறையானும் அதில்தான் கிடைக்கும். சின்ன மரங்கொத்திக்கு ஒரு மொட்டைத் தென்னை போதும். காக்கையை விடப் பெரிய பறவைக்குப் பொந்து வேண்டுமானால் எத்தனை பெரிய மரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய மரம் வளர நூறு வருஷம், பட்டுப்போய் நிற்க இன்னும் சில வருஷம். மேற்கு மலைக் காடுகளில் மரங்கொத்திகளை நுணுக்கமாக ஆராய்ந்தவர் வி. சாந்தாராம். மதனப்பள்ளி பக்கத்து ரிஷி வேலியில் பல காலம் இருந்தவர். இந்தக் கறுப்பு மரங்கொத்தியைப் பற்றியே 2003-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். பட்டமரம் காட்டுக்கு அசிங்கம் என்று வெட்டித் தள்ளுவது தோட்டக்காரன் புத்தி. காட்டுக்கு அது பொருந்தாது. ஜப்பானின் சுஷிமா தீவில் இதே பறவை 1920-க்குப் பிறகு இல்லாமல் போயிற்று. கொரியாவிலும் அரிதிலும் அரிதாகிவிட்டது.

கூடத்து மூலையில் அத்தையின் கல்யாணச் சீர், காலால் மிதிக்கிற சிங்கர் தையல் மெஷின் இருந்தது. அதைப் பார்த்ததும் ஒரு கதை நினைவு வந்தது.

அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்தி என்று ஒன்று இருந்தது. அதுவும் கறுப்பு, அதுவும் ராட்சதன். லூயிசியானாவில் அதற்கு மிஞ்சியிருந்த பெரிய காட்டை, தையல் மெஷின் பெட்டிகளுக்கு மரம் வேண்டுமென்று 1913-ல் சிங்கர் கம்பெனி வாங்கிப் போட்டிருந்தது. கம்பெனி உடனே வெட்டவில்லை. காடு அப்படியே நின்றது. 1937 முதல் ஜேம்ஸ் டானர் என்ற இளைஞர் அங்கே தங்கி அந்தப் பறவைகளை ஆராய்ந்தார். பிறகு வெட்டும் உரிமை ஒரு மரக் கம்பெனிக்குப் போயிற்று. காட்டைக் காப்பாற்றப் பலர் முயன்றும் பலிக்கவில்லை. 1944 ஏப்ரலில் டான் எகல்பெரி என்ற ஓவியர் அங்கே போனபோது ஒரே ஒரு பெண் பறவைதான் இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொள்கிற கடைசிக் காட்சி அதுதான்.

அத்தை மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்புறம்?" என்றாள்.

அப்புறம்தான் வேடிக்கை. 60 வருஷம் கழித்து, 2004-ல், ஆர்க்கன்சாஸ் சதுப்புக் காட்டில் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சில விநாடிகள் ஓடுகிற கலங்கலான படம் ஒன்றும் கிடைத்தது. 2005-ல் செய்தி உலகமெல்லாம் பரவிற்று. அதே காட்டில் கொண்டையோடு இன்னொரு கறுப்பு மரங்கொத்தி உண்டு. அது ஏராளமாகவே இருக்கிறது. படத்தில் இருப்பது அதுதான் என்று வேறு நிபுணர்கள் மறுத்தார்கள். அமெரிக்க அரசு 2021-ல், இனம் அழிந்தது என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட யோசனை சொன்னது. 2023-ல் வேறு பல உயிரினங்களை எடுத்தபோது, இதை மட்டும் முடிவு செய்யாமல் விட்டு வைத்தது.

"ரெண்டும் கறுப்பு, ரெண்டுக்கும் கொண்டை. எதை வச்சுச் சண்டை போட்டாங்க?" என்று அத்தை கேட்டாள். உடனே அவளே, "வெள்ளை எங்கே இருந்துதுன்னா?" என்றாள்.

ஆமாம். சிறகின் பின் ஓரத்தில் வெள்ளை இருந்தால் தந்த அலகு மரங்கொத்தி. உள்சிறகின் முன்பக்கத்தில் இருந்தால் மற்றது. பெரிய பெரிய பேராசிரியர்கள் அந்தப் படத்தைக் கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்த்து வாதாடியது இதற்காகத்தான். ஆனைமலைச் சிப்பந்தி தம் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடம்!

அத்தான் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். மத்தியானம் மரம் வெட்டுகிறவர் வந்தார். அரிவாளின் பின்பக்கத்தால் அடிமரத்தைச் சுற்றி நாலு தட்டுத் தட்டினார். மேலே பொந்திலிருந்து ஒரு சிவப்புக் கொண்டை எட்டிப் பார்த்து, எங்களை முறைத்துவிட்டு உள்ளே போயிற்று.

"அடி கெட்டியாத்தான் இருக்கு சாமி. ஆடிக் காத்து வரைக்கும் நிக்கும். மேலே குடித்தனம் வேற இருக்கு போலிருக்கே."

"சரி, அப்போ ஆடிக்கு முன்னாலே வா" என்றார் அத்தான். கொட்டகைக்காரரிடம் தாமே போய், மாடுகளைக் கொஞ்ச நாள் அந்தக் கோடியில் கட்டச் சொல்லிவிட்டு வந்தார். இதற்குத் தனியாக ஒரு கும்பிடு போட வேண்டும். மாட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியம் அல்ல.

வைகாசி நடுவில் அத்தையே கூப்பிட்டாள். பொந்து வாசலில் இரண்டு தலைகள் தெரிகின்றனவாம். பேத்தி நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுகிறாளாம். அவளை இன்னும் மகள் பெயர் சொல்லித்தான் அத்தை கூப்பிடுகிறாள், அந்தப் பெண்ணும் "என்ன பாட்டி?" என்று வந்துவிடுகிறாளாம். அப்புறம் இன்னொரு சமாசாரம். மழைக்காலம் முடிந்ததும் டாப்ஸ்லிப்புக்குக் கூட்டிப் போகிறேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். பொள்ளாச்சிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தும் ஆகிவிட்டது.

"நீயும் வா கண்ணு. ஆனா ஒண்ணு. அங்கே விடியற்காலையிலே பார்க்கிறதானா, கிழக்கே முதுகைக் காட்டித்தான் உட்காரணும்னு அவன்கிட்டே இப்பவே சொல்லி வை" என்றாள்.